காசில்லாத விளையாட்டும் பிள்ளைகளின் மனமும்

ஒரு வீட்டை மனதில் எண்ணிப் பார்ப்போம். இலண்டன் புறநகர் ஒன்றில் மூன்று அறைகள் கொண்ட வீடு. ஞாயிறு மாலை. கீழே சமையலறையில் அம்மம்மா புட்டு அவித்து இறக்கிவிட்டார். மேலே பதினான்கு வயதுப் பேரன், காதில் ஒலிவாங்கியைப் பூட்டிக்கொண்டு கணினியின் முன் இருக்கிறான்.

"தம்பி, சாப்பாடு ஆறுது. இறங்கி வா ராசா."

"பத்து நிமிஷம் அம்மம்மா. இப்ப நிப்பாட்டேலாது. மற்றப் பெடியள் காத்துக்கொண்டு நிக்கினம்."

பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகிறது. வேலையால் வந்த தந்தை ஒரு சொல்லும் பேசாமல் இணையப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிடுகிறார். மேலே கதவு அறைந்து சாத்தப்படுகிறது. அன்றிரவு அந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இது கற்பனை வீடுதான். எனினும் வாசிப்பவரிற் பலர், இது எங்கள் வீடு அல்லவா என்று சொல்லக்கூடும். இத்தகைய வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அதுக்குள்ளே அப்படி என்னதான் இருக்குது?" கோபத்தில் கேட்கப்படுவதால் இக்கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. பொறுமையாகக் கேட்டால் பதில் உண்டு. அந்தப் பதிலை அறியாமல் பிள்ளையைத் திருத்த முற்படுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒத்தது.

வேடம் பூணும் ஆசை

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் விளையாட்டுகளில் இரு வகையானவை பிள்ளைகளை மிகவும் ஈர்க்கின்றன. ஒன்று, ஒரு பாத்திரத்தின் வேடம் பூண்டு கற்பனை உலகொன்றில் வாழ்வது. மற்றது கார் ஓட்டப் போட்டி.

முதலாவது வகையின் முன்னோடிகளுள் ஒன்று பிரித்தானியாவில் பிறந்தது. எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு ரோய் ட்ரப்ஷோ என்ற மாணவர் ஒரு விளையாட்டை எழுதத் தொடங்கினார். பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் அதை வளர்த்தெடுத்தார். அதற்கு 'மட்' என்று பெயர். படம் எதுவும் கிடையாது, எழுத்து மாத்திரமே. "நீ ஒரு பாதையில் நிற்கிறாய்" என்ற வகையில் திரையில் எழுத்து வரும். விளையாடுபவர் தாம் செய்ய விரும்புவதைத் தட்டச்சுச் செய்வார். ஒரே வேளையில் பலர் அதே உலகத்துக்குள் நின்று ஒருவரோடொருவர் பேசவும் சண்டையிடவும் கூடியதாக இருந்ததே அதன் புதுமை.

இதே பார்ட்டில் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். இவ்விளையாட்டுகளுக்கு வருவோரை அவர் நான்கு வகையாகப் பிரித்தார். புள்ளியும் பதவியும் சேர்ப்போர் ஒரு வகை. உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் பார்க்க விரும்புவோர் மற்றொரு வகை. பேச்சுத் துணைக்காக வருவோர் மூன்றாம் வகை. பிறரைத் தோற்கடிப்பதில் இன்பம் காண்போர் நான்காம் வகை. இன்றைக்கும் ஒரு பிள்ளையை அறிய இப்பிரிவு உதவும். ஒரே விளையாட்டை ஆடும் இரு சகோதரர்களில் மூத்தவன் புள்ளிக்காகவும் இளையவன் நண்பர்களின் குரலைக் கேட்பதற்காகவும் அங்கே போகலாம். இருவருக்கும் ஒரே புத்திமதி பொருந்தாது.

இந்நாட்டில் இவ்வகையில் பெயர்பெற்றது 'ரூன்ஸ்கேப்'. அண்ட்ரூ கோவர் என்ற இளைஞரும் அவருடைய சகோதரர் போலும் சேர்ந்து ஆக்கி, 2001 சனவரியில் வெளியிட்டனர். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அந்நாளில் சாதாரண இணைய உலாவியிலேயே திறந்தது. பாடசாலை நூலகத்துக் கணினியிற்கூட ஆட முடிந்தமையால் அது வேகமாகப் பரவியது.

அதற்குள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் பெரியவர்களுக்கு வியப்பாக இருக்கும். மரம் வெட்டுகிறார்கள். மீன் பிடிக்கிறார்கள். சுரங்கத்தில் கல் உடைக்கிறார்கள். சோறு வாங்கக் கடைக்குப் போகச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, அங்கே மணிக்கணக்கில் விறகு வெட்டுகிறது. ஒரு சாதாரண மரத்துண்டுக்கு 25 புள்ளி. 99ஆம் படியை அடைய வேண்டிய மொத்தப் புள்ளி 13,034,431. சாதாரண மரங்களை மட்டும் வெட்டினால் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட துண்டுகள் வெட்ட வேண்டும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 92ஆம் படிக்கு வந்தவர், முடிவை நெருங்கிவிட்டோம் என்று நினைப்பார். உண்மையில் அப்போதுதான் அவர் பாதித் தூரம் வந்திருப்பார். மேலே போகப் போகப் படிகளின் உயரம் கூடிக்கொண்டே போகும்.

ஏன் வெட்டுகிறார்கள்? அங்கே உழைப்புக்குக் கூலி தவறாமல் கிடைக்கிறது. ஒரு துண்டு வெட்டினால் 25 புள்ளி என்றால் 25 புள்ளிதான். ஆசிரியரின் மனநிலையோ, பெற்றோரின் முகமோ, தோலின் நிறமோ, பேச்சின் தொனியோ அதை மாற்றாது. பாடசாலையில் தன் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் ஆளில்லாத பிள்ளைக்கு, தான் தெரிந்தெடுத்த பெயரோடு பலர் நடுவே மதிப்புடன் நடமாடுவது சிறிய காரியமன்று. இந்த ஈர்ப்பில் பழுது எதுவுமில்லை. உழைக்க வேண்டும், உயர வேண்டும், நால்வர் மதிக்க வாழ வேண்டும் என்று நாம் சொல்லி வளர்த்தவற்றையே பிள்ளை அங்கே தேடுகிறது.

வேகத்தின் இன்பம்

கார் ஓட்டப் போட்டியின் கவர்ச்சி வேறு மாதிரியானது. பிரான்ஸ் நாட்டின் நாடியோ நிறுவனம் 2006இல் 'ட்ராக்மேனியா நேஷன்ஸ்' என்ற போட்டியை இலவசமாக வெளியிட்டது. அதில் எல்லோருக்கும் ஒரே கார். காசு உள்ளவருக்கு நல்ல கார், இல்லாதவருக்குப் பழைய கார் என்ற பேதம் இல்லை. பல பாதைகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிழைவிட்டால் ஒரு விசையை அழுத்தியதும் மறுபடி தொடக்கக் கோட்டில் நிற்கலாம். ஓடியவரின் முந்திய ஓட்டம் நிழல்போல் பக்கத்திலே ஓடிவரும். அதை நூறில் ஒரு வினாடியால் வெல்வதே போட்டி. தன்னையே தான் வெல்லும் இந்த ஆட்டம், வீணைப் பயிற்சியில் ஒரு கமகம் சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப மீட்டும் பிள்ளையின் மனநிலைக்குத் தூரமானதன்று.

தென் கொரியாவில் 2004இல் வெளிவந்த 'கார்ட்ரைடர்' மற்றொரு வகை. கேலிச்சித்திரப் பொம்மைகள் சிறு வண்டிகளில் ஓடும் அந்தப் போட்டியைச் சிறுவர் முதல் அலுவலக ஊழியர் வரை அந்நாட்டில் ஆடினார்கள். அதன் போட்டிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. பல ஆண்டுகள் ஓடி, 2023 மார்ச்சில் அந்த முதல் விளையாட்டு மூடப்பட்டது.

இலவசம் எப்படிக் கட்டுபடியாகிறது?

கட்டணம் வாங்காத கடை எப்படி நடக்கிறது என்று கேட்பது நம்மவர் வழக்கம். இங்கும் அதையே கேட்க வேண்டும்.

கார்ட்ரைடரை ஆக்கிய நெக்சன் என்ற கொரிய நிறுவனம், விளையாட்டை இலவசமாகக் கொடுத்து உள்ளே சிறு பொருள்களை விற்கும் வழியைத் தொடக்க காலத்திலேயே கையாண்டவற்றுள் ஒன்று. பாத்திரத்துக்கு ஒரு தொப்பி, வண்டிக்கு ஒரு நிறம் என்று விற்பனை ஆரம்பித்தது. அந்த அளவில் அது திருவிழாக் கடையில் காப்பு வாங்குவது போன்றதே. விலை தெரியும், பொருள் தெரியும், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

பின்னர் மூன்று தந்திரங்கள் சேர்ந்தன. முதலாவது, காத்திருக்க வைப்பது. 2013இல் வெளிவந்த 'ரியல் ரேசிங் 3' என்ற கார்ப் போட்டியில், ஓடிய காரைத் திருத்தக் கொடுத்தால் உண்மையான கடிகார நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருக்க மனமில்லாதவர், விளையாட்டுக்குள் வழங்கிய பொன் நாணயத்தைக் கொடுத்து உடனே எடுக்க முடிந்தது. அந்த நாணயத்தை உண்மைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. ஆக, தடையை உண்டாக்குபவரும் தடை நீக்கக் காசு கேட்பவரும் ஒருவரே.

இரண்டாவது, நாள்தோறும் வரச் செய்வது. இன்று வந்தால் ஒரு பரிசு, தொடர்ந்து ஏழு நாள் வந்தால் பெரிய பரிசு. ஒரு நாள் தவறினால் சேர்த்தது வீணாகிவிடும் என்ற பயம் பிள்ளையை வீட்டுக் கொண்டாட்டத்தின் நடுவிலும் கைத்தொலைபேசியை எடுக்கச் செய்கிறது.

மூன்றாவதே மிகவும் பாரதூரமானது. பொருளை நேராக விற்காமல், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பெட்டியாக விற்பது. 2020 செப்டெம்பரில் சீன நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற அழகிய இலவச விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் மிக உயர்ந்த பாத்திரம் ஒன்று கிடைக்க, ஒரு முறை இழுப்புக்கு உள்ள அடிப்படை வாய்ப்பு 0.6 வீதம். பத்து முறை இழுத்தாலும் நூற்றுக்கு ஆறு வாய்ப்புக்கூட இல்லை. 90 முறைக்குள் ஒன்று நிச்சயம் கிடைக்கும். ஆனால் அது பிள்ளை விரும்பிய பாத்திரமாக இல்லாமலும் போகலாம். காசு முதலில் ஒரு வகை மணியாகவும், மணி பின்னர் இன்னொரு வகை மணியாகவும் மாறுவதால், எத்தனை பவுண் போயிற்று என்ற கணக்குப் பிள்ளைக்குத் தெரிவதில்லை. இக்குறைபாடுகளைச் சுட்டி அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், இவ்விளையாட்டை வெளியிடும் நிறுவனம் 2025 சனவரியில் 2 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது.

அறிவித்த வாய்ப்பே உண்மையாக இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. நெக்சன் நிறுவனத்தின் 'மேப்பிள் ஸ்டோரி' என்ற வேட விளையாட்டில், பாத்திரத்தின் ஆற்றலைக் கூட்டும் ஒரு மாயக் கட்டை விற்கப்பட்டது. விரும்பப்படும் பலன்கள் வரும் வாய்ப்பை நிறுவனம் குறைத்தது. சிலவற்றை முற்றாக இல்லாமற் செய்தது. இதை ஆடுபவருக்குச் சொல்லவில்லை. இதைக் கண்டறிந்த கொரிய நியாய வர்த்தக ஆணையம் 2024 சனவரியில் 1,160 கோடி வொன் அபராதம் விதித்தது. ஒருபோதும் வராத பரிசுக்காகப் பிள்ளைகளும் பெரியவர்களும் பல ஆண்டுகள் காசு கட்டியிருந்தார்கள்.

மூளையில் நடப்பது

இலண்டன் ஹமர்ஸ்மித் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 1998இல் வெளிவந்தது. எட்டு ஆடவர்கள் பணப் பரிசுக்காக, திரையில் ஒரு கவச வண்டியை ஓட்டும் விளையாட்டை ஆடியபோது அவர்களுடைய மூளை படம் பிடிக்கப்பட்டது. 'டோபமின்' என்ற இரசாயனம் மூளையின் உட்பகுதியில் கூடுதலாகச் சுரந்தமை தெரிந்தது. இதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை. நல்ல சாப்பாட்டின்போதும் டோபமின் சுரக்கும். ஆனால் ஒரு விசேடம் உண்டு. எதிர்பார்த்துக் கிடைக்கும் பரிசைவிட எதிர்பாராமல் கிடைக்கும் பரிசே இந்த நரம்புகளை அதிகம் தூண்டும்.

இதன் விளைவை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் வெகுகாலத்துக்கு முன்னரே புறாக்களில் கண்டார். இத்தனை முறை கொத்தினால் தீனி என்று நிச்சயப்படுத்தினால், தீனி கிடைத்ததும் புறா சற்று இளைப்பாறும். எப்போது வரும் என்று தெரியாதபடி கொடுத்தால் ஓய்வின்றிக் கொத்திக்கொண்டே இருக்கும். தீனியை முற்றாக நிறுத்திய பின்னும் எளிதில் விடாது. மயிரிழையில் தவறும் தோல்விகளும் இப்படியே. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009இல் காட்டியபடி, அவை மனதுக்குக் கசப்பாக இருந்தும், இன்னொரு முறை ஆடும் ஆசையையே கூட்டுகின்றன.

ஆகவே, மரம் வெட்டி 25 புள்ளி பெறுவதும் காசு கட்டிப் பெட்டி திறப்பதும் வெளிப்பார்வைக்கு ஒரே விளையாட்டாகத் தோன்றினாலும், மனதில் அவை செய்யும் வேலை வேறு. முன்னையது உழைப்பும் கூலியும். பின்னையது சூது. பிள்ளையின் இயல்பான ஆசை முன்னையதன் வழியே உள்ளே வருகிறது. வியாபாரம் அதைக் கைபிடித்துப் பின்னையதன் வாசலுக்குக் கூட்டிப் போகிறது. பெற்றோர் பார்க்க வேண்டியது இந்த வாசலைத்தான்.

இது நோயா?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இல்லை. ஆட்டக்காரரின் ஞாபகத்தை நம்பாமல், நிறுவனங்களிடமிருந்தே உண்மையான ஆட்ட நேரத்தைப் பெற்று ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதலாக ஆடியவர்களின் மனநலம் சிறிதளவு நன்றாகவே இருந்தது. மணிக்கூட்டை மட்டும் பார்த்து நோய் என்று முடிவு கட்டுவது தவறு.

ஆயினும் சிலருக்கு அது நோயாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு இதை 'விளையாட்டுக் கோளாறு' என்று ஏற்றுக்கொண்டது. 2019இல் அங்கீகாரம் பெற்ற அப்பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அது கூறும் அறிகுறிகள் மூன்று. ஆட்டத்தைத் தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் கட்டுப்பாடு இழத்தல். மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல். தீங்கு நேர்ந்தும் தொடர்தல். இவற்றால் படிப்போ, குடும்பமோ, வேலையோ கணிசமாகக் கெட்டு, இந்நிலை வழக்கமாகப் பன்னிரண்டு மாதம் நீடித்தால்தான் நோய் என்பர். பரீட்சை முடிந்த விடுமுறையில் இரண்டு வாரம் ஆடித் தீர்ப்பது நோயாகாது. பாடசாலைக்குப் போகாமை, பழைய நண்பர்களை விட்டு விலகுதல், இரவு பகல் மாறுதல், வீட்டில் காசு காணாமற் போதல் ஆகியவை ஒன்றுசேரக் கண்டால் குடும்ப வைத்தியரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். இத்தகையோருக்கெனத் தேசிய சுகாதார சேவை 2019இல் இலண்டனில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியது. பைத்தியம் என்று ஊர் சொல்லும் என்றஞ்சி மறைப்பதால் காலந்தான் வீணாகும்.

சட்டம் எவ்வளவு காக்கும்?

பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம், காசு கட்டித் திறக்கும் பெட்டிகள் சூதாட்டமே என்று 2018இல் தீர்மானித்தது. சீனா 2021இல், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணிவரை மட்டுமே இணையத்தில் ஆடலாம் என்றது. இதற்கு மாறாகத் தென் கொரியா, பதினாறு வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவுக்குப் பின் ஆடலாகாது என்று 2011இல் இட்ட சட்டத்தைப் பின்னர் நீக்கிவிட்டது. பிரித்தானியாவில் பிரபுக்கள் சபைக் குழு 2020இல் இப்பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டுவரும்படி கேட்டது. அரசாங்கம் 2022இல் சட்டத்தை மாற்றுவதில்லை என்று முடிவு செய்து, பொறுப்பை விளையாட்டு நிறுவனங்களிடமே விட்டது. எனவே இந்நாட்டில் முதற் காவல் வீட்டிலேதான்.

வீட்டில் செய்யக்கூடியவை

ஆட்டத்தின் நடுவே இணைப்பைத் துண்டிக்காதீர்கள். பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. ஒருவன் மறைந்தால் மற்ற நால்வரும் தோற்பார்கள். அது உதைபந்தாட்டத்தின் நடுவே பந்துக் காப்பாளனை வீட்டுக்குக் கூட்டிப் போவது போன்றது. "இன்னும் எத்தனை ஆட்டம்?" என்று முன்கூட்டியே கேட்டு, அந்த முடிவில் எழச் செய்யுங்கள்.

கடனட்டை இலக்கத்தைப் பிள்ளையின் கருவியில் பதிந்து வைக்காதீர்கள். வாங்கும் ஒவ்வொரு தடவையும் மறைச்சொல் கேட்கும்படி செய்யுங்கள். புதிய விளையாட்டு ஒன்றைப் பிள்ளை கேட்டால், ஐரோப்பிய வயதுத் தரக் குறிப்பைப் பாருங்கள். உள்ளே என்ன வருமென்று தெரியாத பொருள்கள் விற்கப்படுவதாயின் 2020 முதல் அதில் அதற்கென ஒரு குறிப்பும் உண்டு.

நித்திரையில் விட்டுக்கொடுக்காதீர்கள். பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். கைத்தொலைபேசிகள் யாவும், அப்பாவினுடையதும் உட்பட, இரவில் சமையலறையில் உறங்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருங்கள்.

நமது கற்பனை வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த ஞாயிறு தந்தை மின்கம்பியைத் தொடவில்லை. மாடிக்குப் போய், "எனக்கும் ஒருக்கால் காட்டு" என்கிறார். பையன் முதலில் நம்பவில்லை. பின்னர் தன் பாத்திரத்தை, அது கடந்த படிகளை, லெஸ்டரிலும் லீட்சிலும் இருந்து விளையாடும் நண்பர்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். மற்றப் பெடியள் காத்து நின்றார்கள் என்று அவன் அன்று சொன்னது பொய்யில்லை என்பது தந்தைக்கு அப்போதுதான் தெரிகிறது. இடையில் மின்னிக்கொண்டு ஒரு பெட்டி வருகிறது. அதற்குள் என்ன என்று கேட்கிறார். தெரியாது என்கிறான். இதுவரை எத்தனை திறந்தாய், எவ்வளவு போயிற்று என்று கோபமில்லாமல் கேட்கிறார். பிறந்தநாள் காசெல்லாம் கூட்டிப் பார்த்த பையன், கணக்கைக் கண்டு தானே மௌனமாகிறான்.

அறை வாசலில் நின்ற அம்மம்மாவுக்கு ஆங்கிலமும் கணினியும் தெரியாது. ஆனால் பாரதம் தெரியும்.

"இது தருமர் ஆடின ஆட்டமெல்லோ? அடுத்த முறை வெல்லுவம் எண்டுதானே அவரும் நாட்டை வைச்சவர். மரம் வெட்டுறதெண்டால் வெட்டு ராசா. இந்தப் பெட்டியைத் திறவாதை."

பையன் சிரிக்கிறான். தந்தையும் சிரிக்கிறார். புட்டு ஆறுமுன் மூவரும் கீழே இறங்குகிறார்கள்.